கூந்தல் உதிர்வின் காரணம் தேடிய வரலாறு: மதீனாவின் காய்ச்சல் முதல் புல்டானாவின் கோதுமை வரை



பெண்களின் தலைமுடி உதிர்வது நம் குடும்பங்களில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படும் துன்பம். ஆணுக்கு வழுக்கை விழுந்தால் அதைக் கேலியாகவேனும் நாலு பேர் நடுவில் பேசிவிடுகிறோம். பெண்ணுக்கு முடி கொட்டினால் அது முக்காட்டுக்குள் மறைந்துவிடுகிறது. தாய் மகளிடம் எண்ணெயை மாற்றச் சொல்கிறாள். மாமியார் தண்ணீரைக் குறை கூறுகிறார். வரன் பேசும் வீட்டில் அதைச் சொல்வதா மறைப்பதா என்று யோசனை நடக்கிறது. உடலுக்குள் என்ன நேர்ந்தது என்ற கேள்வியோ கடைசியில்தான் எழுகிறது. சில வீடுகளில் எழுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு மனிதகுலம் நெடுங்காலமாக விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலில் முஸ்லிம் மருத்துவர்களுக்குப் பங்குண்டு. சென்னையின் கோஷா ஆஸ்பத்திரிக்கும் கோயம்புத்தூரின் ஓர் ஆய்வுக்கும் இடமுண்டு. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று நம் வீட்டுப் பெண் ஒருவர் சீப்பைப் பார்த்துக் கலங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஹதீஸ் ஏடுகளில் இரு நிகழ்வுகள்

பெண்ணின் முடி உதிர்வைப் பற்றிய மிகப் பழைய தெளிவான பதிவுகளில் இரண்டு நம் கைகளிலேயே உள்ளன. இரண்டும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றவை.

முதலாவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மைப் பற்றியே அறிவித்தது. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த தொடக்க நாள்களில் அவர்களைக் காய்ச்சல் பற்றியது. அதனால் அவர்களுடைய தலைமுடி உதிர்ந்தது. பின்னர் அது மீண்டும் வளர்ந்து தோளளவை எட்டியது. அந்நாளில் மதீனாவின் காய்ச்சல் முஹாஜிர்கள் பலரை வாட்டியது. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோரும் அதில் படுத்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

இரண்டாவது, அஸ்மா (ரலி) அறிவிக்கும் நிகழ்வு. ஒரு பெண்மணி அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மகளுக்கு ‘ஹஸ்பா’ எனும் தட்டம்மை கண்டு முடி உதிர்ந்துவிட்டதாகவும், அவளுக்குத் திருமணம் செய்து வைத்திருப்பதாகவும் கூறி, ஒட்டுமுடி வைக்கலாமா என்று கேட்டார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள்.

மார்க்கச் சட்டம் கூறும்போது இந்த இரண்டாவது ஹதீஸ் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதனுள் இருக்கும் தாயின் கவலையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மகளின் வாழ்வு முடியைக் காரணமாக வைத்துக் குலைந்துவிடுமோ என்ற அச்சம் இன்றைக்குக் கடலூரிலோ பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ இருக்கும் ஒரு தாய்க்கு எப்படியோ, அன்றைய மதீனாவின் தாய்க்கும் அப்படியே இருந்திருக்கிறது. தடுக்கப்பட்டது பிறர் முடியை இணைத்து மறைப்பது. நோய்க்கு மருத்துவம் செய்து சொந்த முடியை மீண்டும் வளரச் செய்வதைப் பெரும்பாலான அறிஞர்கள் அந்தத் தடைக்குள் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணம் இறக்கப்பட்டிருக்கிறது, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதே நபிவழியின் பொதுப் போதனை.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் முடி தானாக உதிரவில்லை. முன்னதாக ஒரு கடும் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அந்தத் தொடர்பை விளக்க மருத்துவ உலகுக்கு 1961 வரை காலம் பிடித்தது. அதற்கு முன் நடந்தவற்றை முதலில் பார்ப்போம்.

நரி நோயும் புழுவெட்டும்

எகிப்தில் கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் சுருளில் முடி வளர்வதற்கான மருந்துகள் குறிக்கப்பட்டுள்ளன. சிங்கம், நீர்யானை போன்ற விலங்குகளின் கொழுப்பைத் தலையில் பூசுவது அவற்றுள் ஒன்று. காரணம் தெரியாத நிலையில் மருந்து தேடிய காலம் அது.

கிரேக்கர்கள் முடி கொட்டும் நோய்க்கு ‘அலோபீசியா’ என்று பெயரிட்டார்கள். ‘அலோபெக்ஸ்’ என்றால் நரி. சொறி பிடித்த நரியின் உடலில் மயிர் திட்டுத்திட்டாக உதிர்வதைக் கண்டு வைத்த பெயர் அது. அரபு மருத்துவர்கள் அதை ‘தாவுஸ் ஸஅலப்’, அதாவது நரி நோய் என்று மொழிபெயர்த்தார்கள். பாம்பைப் போல வளைந்து செல்லும் திட்டுகளுக்கு ‘தாவுல் ஹய்யா’, பாம்பு நோய் என்று பெயர் வந்தது. உருது பேசும் வீடுகளில் இது ‘பால்கோரா’, முடியைத் தின்பது. நம் தமிழில் ‘புழுவெட்டு’. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சி முடியைத் தின்கிறது என்று இவ்வளவு மொழிகளில் மக்கள் எண்ணியிருக்கிறார்கள்.

அர்ராஸீ (865–925) அம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேறுபாட்டைத் தனி நூலாகவே எழுதியவர். மதீனாப் பெண்ணின் முடியை உதிர்த்த அதே ‘ஹஸ்பா’தான் அந்நூலின் பொருள்களில் ஒன்று. அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவீ (936–1013) முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் பத்தொன்பதாம் பகுதியை நறுமணப் பொருள்களுக்கும் அழகுப் பராமரிப்புக்கும் ஒதுக்கினார். இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலின் நான்காம் பாகத்தில் முடி, தோல், நகம் ஆகியவற்றைத் தனி அத்தியாயமாக ஆராய்ந்தார். முடிக்கு ஊட்டம் குறைவதையும், அது முளைக்கும் துளைகளின் நிலை கெடுவதையும் அவர் காரணங்களாக வகுத்தார்.

இன்றைய அறிவியலோடு அவருடைய உடற்கூற்றுக் கொள்கை ஒத்துப்போகாது. ஆனாலும் ஒரு நல்ல மரபை அம்மருத்துவர்கள் நிலைநாட்டினார்கள். முடிக்கு மருந்து கேட்டு வருபவரின் உடல் முழுவதையும், உணவையும், அண்மையில் வந்த நோய்களையும் விசாரிக்க வேண்டும் என்பதே அந்த மரபு.

புழுவெட்டில் புழு ஏதும் இல்லை என்பது இன்று தெளிவு. உடலின் எதிர்ப்பு அணுக்களே தவறாக முடிவேர்களைத் தாக்குவதால் அது வருகிறது. அது தொற்றாது. அந்தப் பெண் பயன்படுத்திய சீப்பை ஒதுக்கி வைப்பதற்கும், அவளைத் தனித்துப் படுக்கச் சொல்வதற்கும் எந்த நியாயமும் கிடையாது.

பெண்ணுக்கு வழுக்கை இல்லை என்ற எண்ணம்

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வழுக்கை விழுவதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். நெடுங்காலம் இந்த எண்ணம் நீடித்தது. ஆண்களின் வழுக்கை ஆராயப்பட்டது. பெண்களின் முடி உதிர்வு மனக்கவலை என்றும் அலங்காரப் பிரச்சினை என்றும் தள்ளப்பட்டது.

அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல், ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனுக்கும் பரம்பரைக்கும் வழுக்கையோடு உள்ள தொடர்பை நிறுவினார். அதற்கு முன்பே, 1935இல் சிகாகோவில் இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவன்தால் என்னும் இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். மாதவிடாய் நின்றுபோதல் அல்லது முறைதவறுதல், கருத்தரியாமை, சூல்பையில் பல நீர்க்கட்டிகள் ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. இன்று நாம் நீர்க்கட்டிப் பிரச்சினை என்றும் பி.சி.ஓ.எஸ். என்றும் சொல்வது இதுதான். பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண்மைச் சுரப்பு இந்நிலையில் மிகும்போது முகத்தில் முடி வளர்வதும் உச்சந்தலையில் முடி மெலிவதும் ஒன்றாக நேரலாம்.

பெண்களின் வழுக்கைக்கென்று ஒரு வகைப்பாட்டை ஜெர்மானிய மருத்துவர் எரிக் லுட்விக் 1977இல் வெளியிட்டார். ஆணுக்கு நெற்றியோரம் பின்வாங்குவது போலப் பெண்ணுக்குப் பெரும்பாலும் நேராது. முன்நெற்றி வரிசை அப்படியே இருக்க, வகிடு அகன்றுகொண்டே போகும். இதை அவர் மூன்று நிலைகளாகப் பிரித்தார். வகிடு அகல்வதைக் கண்டு ஒரு பெண் மருத்துவரிடம் சென்றால், அது பெயருள்ள, நிலைகள் உள்ள, மருந்துள்ள நோய் என்று அவளிடம் சொல்ல முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இறுக்கிக் கட்டும் பழக்கத்தால் முடி உதிர்வது 1907லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு எழுதப்பட்டது. அங்கே பெண்கள் முடியை உச்சியில் இழுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் அவர்களுக்கு முடி குறைந்தது. நம் பெண்பிள்ளைகளுக்கு இதில் பாடம் உண்டு. முக்காடு முடிக்குக் கேடு செய்வதில்லை. அதன் உள்ளே முடியை வலிக்க வலிக்க இழுத்துக் கொண்டை போடுவதும், ஒரே இடத்தில் நாள்தோறும் கிளிப்பால் இறுக்குவதும்தான் வேரை நோகச் செய்கின்றன. தளர்வாகப் பின்னிக்கொண்டால் போதும். தொடக்கத்தில் கவனித்தால் இவ்வகை உதிர்வு மாறிவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் வேர் தழும்பாகி முடி முளைக்காமலே போகலாம்.

கோஷா ஆஸ்பத்திரியும் இரத்தசோகையும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கிய பெண்கள் வைத்தியமின்றித் துன்புறுவதைக் கண்டு அவர் மருத்துவம் படிக்க முன்வந்தார். லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, 1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பர்தா காக்கும் முஸ்லிம் பெண்களும் மற்றச் சமுதாயங்களின் பெண்களும் பெண் மருத்துவரிடமே சிகிச்சை பெறும் வகையில் அது அமைந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருப்பது அதுவே. சென்னை மக்களின் வாயில் இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

இந்த மருத்துவமனைக்கு 1931இல் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். அவர் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ். 1928 முதல் பம்பாயில் கருவுற்ற பெண்களின் கடும் இரத்தசோகையை ஆராய்ந்து வந்தவர் அவர். நீலகிரியின் குன்னூரிலும் அவருடைய ஆய்வு நடந்தது. பம்பாயின் பல்வேறு சமுதாயப் பெண்களின் உணவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மிகவும் ஊட்டம் குறைந்த உணவை உண்டவர்களும் இரத்தசோகைக்கு எளிதில் ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்கள்தாம் என்று அவர் கண்டார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் நெடுநாள் ‘வில்ஸ் காரணி’ என்று அழைக்கப்பட்டது. 1941இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்ட ஃபோலிக் அமிலம் அதுவே. இன்று அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரைக்குப் பின்னால், நம் சமுதாயத்துப் பாட்டிமார்களின் வெளிறிய முகங்கள் இருக்கின்றன.

அந்தக் கண்டுபிடிப்பு நடந்து ஒரு நூற்றாண்டு நெருங்கிவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உண்டு. பாதிக்கு மேல்!

முடியின் வேர் உடலில் மிக வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொண்டது. இரும்புச் சத்து குறையும்போது உடல் இதயத்துக்கும் மூளைக்கும் முதலிடம் தருகிறது. முடி காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே முடி உதிர்வோடு களைப்பு, மூச்சிரைப்பு, நகம் வெளிறுதல், அதிக மாதவிடாய் ஆகியவையும் இருந்தால் இரத்தப் பரிசோதனை முதலில் செய்யப்பட வேண்டும். நம் வீடுகளில் விருந்து வைத்தால் ஸஹனில் கறி நிறைந்திருக்கும். ஆண்களும் விருந்தாளிகளும் எழுந்த பிறகு சமைத்தவள் உட்காரும்போது என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்க்கலாம்.

1961இல் கிடைத்த விடை

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது. பிறகு இரண்டு, மூன்று வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. அதன்பின் சுமார் மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து உதிர, அதே வேரில் புது முடி தோன்றுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. மரத்தின் இலைகள் எல்லாம் ஒரே நாளில் உதிராதது போல, முடிகளும் முறை வைத்து உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை.

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் விளக்கியது இதுதான்: கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி, பேரதிர்ச்சி போன்றவை நேரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகிறது. இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து அவை கூட்டமாக உதிர்கின்றன. வேர் சாகவில்லை. காரணம் நீங்கிவிட்டால் முடி மீண்டும் வளர்ந்துவிடும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காய்ச்சலுக்குப் பின் முடி உதிர்ந்து, மீண்டும் வளர்ந்தது இந்த விளக்கத்தோடு நன்கு பொருந்துகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவிலிருந்து மீண்ட பெண்கள் பலர் சில மாதங்கள் கழித்து முடி கொத்தாக வருவதைக் கண்டு அஞ்சியதும் இதனால்தான்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பது நம் பாட்டிமார்கள் சொல்வது. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு, மூன்று மாதத்தில். பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு தொடங்குவதும் அப்போதுதான். குழந்தையின் சிரிப்பு காரணமன்று. ஆனால் அவர்கள் காலத்தைச் சரியாகக் கணித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலான தாய்மாருக்கு ஓராண்டுக்குள் இது சரியாகிவிடும்.

இந்த மூன்று மாத இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். முடி இன்று கொட்டுகிறது. நாம் போன வாரம் மாற்றிய ஷாம்புவைச் சந்தேகிக்கிறோம். உண்மைக் காரணமோ மூன்று மாதத்துக்கு முந்தைய டெங்குக் காய்ச்சலாகவோ, உடல் மெலிய வேண்டி உணவைப் பாதியாக்கியதாகவோ இருக்கலாம். பிறகு முடி தானே முளைக்கும்போது எந்த எண்ணெய் கையில் இருக்கிறதோ அதற்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. விளம்பர எண்ணெய்கள் பலவற்றின் பிழைப்பு இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தண்ணீரைக் குற்றம் கூறலாமா?

உப்புத் தண்ணீர் முடியைக் கொட்டவைக்கிறது என்பது நம் கடற்கரை ஊர்களில் உறுதியான நம்பிக்கை. வளைகுடா நாடுகளுக்குப் போன குடும்பங்களும் அங்குள்ள தண்ணீரைப் பற்றி இதையே கூறுவார்கள். கோயம்புத்தூர் மருத்துவர்கள் இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். முடிக் கற்றைகளைக் கடின நீரிலும் வாலை நீரிலும் தனித்தனியே நனைத்து, அவற்றின் இழுவலிமையை அளந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாகிஸ்தானில் 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கடின நீரால் வலிமை குறைவதாகக் கூறியது. இரண்டுமே முடித்தண்டு முறிவதைப் பற்றியவை. கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், நடுவில் முறியச் செய்யலாம். வேரோடு வரும் முடிக்கு அதைக் காரணமாக்கிவிட்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சரியாகாது.

ஆனால் தண்ணீரில் உப்பு மட்டுமே இருக்கும் என்ற உறுதி எல்லா ஊர்களுக்கும் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றின் கரையோரம் சிப்காட் தொழிற்பேட்டை 1980களில் உருவானது. குடிகாடு அதை ஒட்டிய ஊர். குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி ஆண்டாண்டாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். 2004இல் அவ்வட்டார மக்களே வாளிக் கருவி கொண்டு காற்றைச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். நச்சு வேதிப்பொருள்கள் அதில் இருந்தது தெரியவந்தது. முடி உதிர்வைப் பற்றி அந்தச் சோதனை ஏதும் கூறவில்லை. நாமும் அப்படிக் கூறவில்லை. ஓர் ஊரில் பலருக்கு ஒரே காலத்தில் ஒரே துன்பம் வந்தால், அதை ஒவ்வொரு வீட்டின் தனிக் குறையாகக் கொள்ளாமல் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்ற பாடத்தை மட்டும் குடிகாட்டு மக்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பாடத்தின் மதிப்பு மகாராஷ்டிரத்தில் தெரிந்தது. புல்டானா மாவட்டத்தின் ஷேகாவ் வட்டாரத்தில் 2024 டிசம்பர் இறுதியில் தொடங்கி, சில கிராமங்களின் மக்களுக்குத் திடீரென முடி உதிரலாயிற்று. தலை அரிப்பெடுத்த சில நாள்களிலேயே முடி கையோடு வந்தது. பெண்களும் ஆண்களும் சிறுவர்களும் பாதிக்கப்பட்டார்கள். எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டியது. இளம்பெண்கள் பலர் வெளியே வர நாணி வீட்டுக்குள் முடங்கினார்கள். முதலில் ஷாம்பு மீதும், பிறகு பூஞ்சைத் தொற்று மீதும், கிணற்று நீர் மீதும் சந்தேகம் விழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அறிஞர்கள் வந்து மாதிரிகளை எடுத்துச் சென்றார்கள்.

தேள்கடி மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தாமாகவே அக்கிராமங்களுக்குச் சென்று ஆராய்ந்தார். நோயாளிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் முடியிலும் செலினியம் என்னும் தாது பல மடங்கு மிகுந்தும், துத்தநாகம் குறைந்தும் இருப்பதைக் கண்டார். பஞ்சாபிலிருந்து வந்து ரேஷன் கடைகளில் வழங்கப்பட்ட கோதுமையே அதன் மூலம் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார். பஞ்சாபின் சிவாலிக் மலையடிவாரத்துப் பகுதிகள் சிலவற்றின் மண்ணில் செலினியம் மிகுதி என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. சீனாவின் ஹூபேய் மாநிலத்து என்ஷி வட்டாரத்தில் 1961 முதல் 1964 வரை இதே போன்று முடியும் நகமும் உதிர்ந்த கொள்ளைத் துன்பம் நேர்ந்ததும், அதற்குக் காரணம் உணவில் மிகுந்த செலினியம் என்று பின்னர் நிறுவப்பட்டதும் வரலாற்றில் உண்டு.

செலினியம் சிறிதளவு உடலுக்குத் தேவை. அளவு மீறினால் நஞ்சு. 2008இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒரு சத்துப் பானத்தில் செலினியம் அளவுக்கு மீறிக் கலந்ததால் 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் பலருக்கு முடி உதிர்ந்தது. முடி வளரும் என்று மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்கும் சத்து மாத்திரைகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது சான்று. பயோட்டின் மாத்திரையும் அதிக அளவில் உண்டால் தைராய்டு பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

மருந்துகள் வந்த வழி

இன்று பரவலாகத் தரப்படும் மினாக்ஸிடில், இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உண்டவர்களுக்கு வேண்டாத இடங்களில் முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் தடவும் நீர்மமாக அதை மாற்றினார்கள். ஆண்களுக்கு 1988இல் அனுமதி கிடைத்தது. பெண்களுக்கு 1991இல் 2 விழுக்காட்டு நீர்மம் வந்தது. தொடங்கிய சில வாரங்களில் முடி சற்று அதிகமாக உதிரலாம். அதைக் கண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்ற பயனும் மெல்லப் போய்விடும். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் உண்ணக் கூடாது. அது கருவிலிருக்கும் ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. கணவருக்கு எழுதிக் கொடுத்ததை மனைவி எடுத்து உண்ணும் வழக்கம் இதனாலேயே ஆபத்தானது. கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் பாரிசிடினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதைத் தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உண்ண வேண்டும்.

இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது காரணத்தைக் கண்டறிதல். தைராய்டு குறைவால் கொட்டும் முடிக்குத் தைராய்டு மாத்திரையே மருந்து. இரும்புக் குறைவுக்கு இரும்புச் சத்து. பிரசவத்துக்குப் பின் கொட்டுவதற்கு நல்ல உணவும் பொறுமையும்.

நம் குடும்பங்கள் செய்ய வேண்டியது

சகோதரிகளே! முடி வழக்கத்துக்கு மீறி உதிர்கிறதென்றால் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு முன் காய்ச்சலோ பிரசவமோ கடும் துயரமோ நேர்ந்ததா? மாதவிடாய் முறையாக வருகிறதா, மிகுதியாகப் போகிறதா? புதிதாக ஏதேனும் மருந்து உண்ணத் தொடங்கினீர்களா? முடி மொத்தமாகக் குறைகிறதா, வகிடு மட்டும் அகல்கிறதா, திட்டாக உதிர்கிறதா? விடைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிடின், தைராய்டு ஆகியவையே பெரும்பாலும் முதற்பரிசோதனைகள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம் வட்டாரத்திலேயே உள்ளன. பெண் மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் இல்லாத இடத்தில், தேவையின் அளவுக்கு மருத்துவரிடம் தலையைக் காட்ட மார்க்கம் இடம் தருகிறது.

சகோதரர்களே! மனைவியின் முடி மெலிவதைக் கேலி செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து எண்ணெய்ப் புட்டிகள் அனுப்புவதோடு கடமை முடிந்ததாகவும் எண்ணாதீர்கள். அவளுடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோரும், மருமகள் தேடும் பெற்றோரும், காய்ச்சலால் கொட்டிய முடி மீண்டும் முளைக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு பருவத்து நோயைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் தள்ளுவது அநீதி.

மதீனாவின் அந்தத் தாய், மகளின் துன்பத்தை மறைக்காமல் அல்லாஹ்வின் தூதரிடமே (ஸல்) கொண்டுசென்று கேட்டார். அவருடைய அந்தத் துணிவு நம் தாய்மார்களுக்கும் வேண்டும். நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடிச் செல்லும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.